செந்தாமரை தன் இரத்தத்தைத் தானே எடுத்த விவரம்

பெயர்: சிட்டாள். வயது: 47. கணவர் பெயர்: ஸ்ரீநிவாசன். முகவரி: செக்காலைப் பகுதி, காரைக்குடி, சிவகங்கை மாவட்டம். தொழில்: வெளியூர், வெளிநாட்டுப் பயணிகளுக்கு வீட்டில் வைத்துச் செட்டிநாட்டுச் சமையல் கற்றுக்கொடுத்தல். நாள்: 12.03.2025, காலை 11 மணி. சொல்லச் சொல்ல எழுதியவர்: சார்பு ஆய்வாளர் நாகவல்லி.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எங்கள் ஒரே மகள் சௌபர்ணிகா சென்னையில் வேலை பார்க்கிறாள். கடந்த 20.01.2025 அன்று, கல்லுக்கட்டி அருகில் உள்ள ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் மீதும், அங்கே வேலை பார்த்த செந்தாமரை, வயது 29, கல்லல் ஊரைச் சேர்ந்தவர் மீதும் இந்தக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தவள் நான்தான். பொய்யான அறிக்கை கொடுத்து என் உயிருக்கு ஆபத்தை உண்டாக்கினார்கள் என்று அதில் எழுதியிருந்தேன். இன்று என்னை யாரும் வரச்சொல்லவில்லை. நானாக வந்திருக்கிறேன். மனுவில் நடந்ததில் பாதியைத்தான் எழுதினேன். மீதியைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு 2019ஆம் ஆண்டு முதல் தைராய்டு நோய் உள்ளது. அதற்கு ஹாஷிமோட்டோ என்று பெயர். நம்மைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை அந்நியன் என்று தவறாக நினைத்து அடித்துக்கொண்டே இருக்கும் நோய் என்று மருத்துவர் விளக்கினார். கேட்ட அன்று எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இருபது கிராம்தான் இருக்குமாம் அந்தச் சுரப்பி. உடம்புச் சூடு, முடி, குரல், தூக்கம், நெஞ்சுத் துடிப்பு, கோபம் எல்லாவற்றையும் அதுதான் நடத்துகிறதாம். கூட வந்திருந்த என் கணவர், "கோபம்னா இவளுக்கு நல்லாத்தானே வேலை செய்யுது டாக்டர்" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டு, தினமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட நூறு மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஐந்து வருடம் அதைச் சாப்பிட்டு நன்றாகவே இருந்தேன்.

ஆனால் மாத்திரை மட்டும் போதாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அமுக்கராப் பொடி, முருங்கையிலைப் பொடி, கருஞ்சீரகம் என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கினேன். டப்பாவில் இயற்கை என்று எழுதியிருந்தால் போதும், எனக்குக் கை நின்றதில்லை. மருத்துவர் ஒருமுறை, "இயற்கையோ செயற்கையோ, எதைச் சாப்பிட்டாலும் எங்கிட்டச் சொல்லிருங்க" என்றார். அமுக்கராவை மட்டும் சொன்னேன். அது தைராய்டு அளவையே மாற்றக்கூடியது, உங்களுக்கு வேண்டாம் என்றார். மூன்று நாள் நிறுத்தினேன். அதன் பிறகு அவரிடம் எதையும் சொல்வதை நிறுத்தினேன். இதை எழுத வேண்டுமா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

என் வீட்டிலும் இதற்குக் கேலி இருந்தது. என் கணவர், "அடுப்படியா இது, நாட்டு மருந்துக் கடையா" என்பார். அதனால் டப்பாக்களைப் புளிப்பானைக்குப் பின்னால் வைக்க ஆரம்பித்தேன். சமையல் வகுப்புக்கு வருகிறவர்களிடம், சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக்கூடாது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது என்று முதல் நாளே சொல்பவள் நான்.

அதன் பிறகு 2024 ஆகஸ்ட் மாதம், எனக்கு முடி கொட்டுவதாகப் புலம்பியதைக் கேட்டு, சௌபர்ணிகா இணையத்தில் ஒரு பாட்டில் வாங்கி அனுப்பினாள். ஜெல்லி மிட்டாய் போல மென்று சாப்பிடும் வைட்டமின். முடி, தோல், நகம் மூன்றுக்கும் நல்லது, முழுக்க இயற்கை என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. அதில் பயோட்டின் என்னும் வைட்டமின் நிறைய இருந்தது. நாளைக்கு இரண்டு என்று எழுதியிருந்தது. நான் நான்கு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதனால் சாப்பிட்டேன். வேறு காரணம் இல்லை. தீர்ந்ததும் நானே மேலும் இரண்டு பாட்டில் வரவழைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு 18.10.2024 அன்று காலை வழக்கமான பரிசோதனைக்காகச் செந்தாமரை வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்தாள். நான்கு வருடமாக எனக்கு எடுப்பவள் அவள்தான். எனக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பார்கள், அவள் விரலால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுப்பாள். அன்று என் கையைப் பிடித்ததும், "என்ன ஆச்சி, கை இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு? மாத்திரை போக வேற என்னமும் சாப்பிடுறீகளா?" என்று கேட்டாள். நான் ஒன்றுமில்லை என்றேன்.

அறிக்கையில் டி.எஸ்.எச். என்ற எண் 0.08 என்று வந்தது. அது ஏறக்குறைய அரையில் இருந்து நாலரைக்குள் இருக்க வேண்டும். கூடினால் சுரப்பி சோர்ந்து கிடக்கிறது என்றும், இப்படிக் குறைந்தால் மாத்திரை அளவுக்கு மீறிப் போகிறது என்றும் அர்த்தம். மருத்துவர் அறிக்கையைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கினார். அதன் பிறகு எனக்கு உடம்பு வீங்கியது, குரல் கட்டியது, பகலிலேயே உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். 22.11.2024 அன்று செந்தாமரை மறுபடியும் வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியை எடுக்காமல் நின்றாள். "ஆச்சி, போன ரிப்போர்ட்டுக்கும் உங்க மொகத்துக்கும் சம்பந்தமே இல்லையே. பொடி, லேகியம், வைட்டமின் எதுவாச்சும்? கோவிச்சுக்கிராம யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டாள். நான் கோபித்துக்கொண்டேன். "ஒரு தடவை சொன்னா வெளங்காதா உனக்கு, குத்திட்டுப் போ" என்றேன். அந்தச் சமயம் பாட்டில் எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. இந்த அறிக்கையில் எண் 0.05. மருத்துவர் மாத்திரையை முழுவதுமாக நிறுத்தினார். அவர் மீதும் தவறு இல்லை. அவர் கேட்டபோதும் நான் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன்.

அதன் பிறகு மார்கழியில் எங்கள் பிள்ளையார் நோன்பு வந்தது. சார்பு ஆய்வாளர் வேறு ஊர்க்காரர் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். திருக்கார்த்திகையில் இருந்து இருபத்தொரு நாள், புதுத்துணியில் நாளுக்கு ஓர் இழை எடுத்துச் சேர்ப்போம். நோன்பு அன்று மாலை அந்த இருபத்தொரு இழையையும் திரியாக்கி, வெல்லம் போட்ட மாவில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். அதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். அந்த நாட்களில் என் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆங்கிலப் புத்தாண்டு விடுமுறைக்கு வந்திருந்த சௌபர்ணிகா, பாட்டிலின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "ஆத்தா, நோன்புல இதைத் திங்காதீக. இதுல ஜெலட்டின் இருக்கு, மாட்டு எலும்புல காய்ச்சுறது" என்றாள். நான்கு மாதமாகத் தின்றிருக்கிறேன். உடனே நிறுத்தினேன். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். நோன்புக்கு அப்போது நான்கு நாள் இருந்தது.

நோன்பு அன்று மாலை ஆறு மணி அளவில் என் கணவர் எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுத்தார். என் முறை வந்தது. சுடர் உதட்டில் பட்டது எனக்குத் தெரிந்தது, ஆனால் வாயை மூட வேண்டும் என்ற நினைப்பு வந்து சேர வெகுநேரம் ஆனது. உதடு வெந்ததுகூட உறைக்கவில்லை. அதன் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. அப்படியே சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். மதுரையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நாடி நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. டி.எஸ்.எச். 96. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டாள் என்று அங்கே என் கணவரிடம் சொன்னார்கள். ஆறு நாள் படுத்திருந்து, மருந்து ஏற்றிப் பிழைத்து வந்தேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் 0.05, இங்கே 96 என்றதும் என் கணவர், "அந்த லேப்காரன் நம்மளைக் கொன்னே போட்டிருப்பான்" என்று குதித்தார். நானும் அப்படியே நம்பினேன். பாட்டிலின் நினைப்பே எனக்கு வரவில்லை. மிட்டாய்க்கும் மிசினுக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? ஊர் திரும்பியதும் நேரே பரிசோதனை நிலையத்துக்குப் போய், வாசலில் இருபது பேர் நிற்கும்போது செந்தாமரையைப் பார்த்து, "காலேசுல படிச்சியா, இல்லை சர்ட்டிபிகேட்டைக் கடையில வாங்குனியா?" என்று கேட்டேன். அவள் கையில் இருந்த, இரத்தம் எடுத்த குழாயைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொன்னாள். அதன் பிறகுதான் மனுக் கொடுத்தேன். நிலையத்தின் உரிமையாளர் ஈஸ்வரன், போலீஸ் விவகாரம் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார். விசாரணைக்காக அவளை இந்தக் காவல் நிலையத்துக்கு இரண்டு முறை வரவழைத்தார்கள். இரண்டு முறையும் பேருந்தில் வந்து, அதோ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு 16.02.2025 அன்று காலை பத்து மணிக்குச் செந்தாமரை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவர், "அங்குட்டே நில்லு. பேசுறதைக் கோர்ட்டுல பேசு" என்றார். அவள் தெருவிலேயே நின்றாள். சண்டைக்கு வரவில்லை, மனுவைத் திரும்ப வாங்குங்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு தாளில் மூன்று தேதிகளையும் மூன்று எண்களையும் எழுதி வைத்திருந்தாள். நான் முகப்பில் நின்றேன். என்னைப் பார்த்து, "ஆச்சி, ஒரே ஒரு கேள்விதான். நோன்புக்காக நீங்க எதையாச்சும் தின்னாம நிறுத்துனீகளா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை மருத்துவர்கூடக் கேட்கவில்லை. அவள் மேலும் சொன்னதாவது: "இரத்தமும் சரியாத்தான் இருந்துச்சு, மிசினும் சரியாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு எடுத்த மத்த நாப்பது பேருக்கும் சரியா வந்துருக்கு. அப்ப உங்க இரத்தத்துல மட்டும் என்னமோ இருந்துருக்கு. மதுரைக்குப் போறப்ப அது இல்லை. நவம்பருக்கும் அதுக்கும் நடுவுல உங்க வீட்டுல என்ன மாறியிருக்கும்னு யோசிச்சேன். நோன்புதானே ஆச்சி மாறுச்சு."

வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த பெண் இருபது நாளாக இதைத்தான் யோசித்திருக்கிறாள். நான் உள்ளே போய்ப் புளிப்பானைக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்து வந்து, தெருவில் இறங்கி, என் கணவர் பார்க்க அவள் கையில் கொடுத்தேன். அவள் பின்பக்கத்தைப் படித்தாள். பிறகு தன் பையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். பரிசோதனை மருந்துப் பெட்டியோடு வரும் குறிப்புத் தாள் அது, எல்லோரும் குப்பையில் போடுவது. அதில் எறும்பு எழுத்தில் பயோட்டின் பற்றி நான்கு வரி இருந்தது. அதிக அளவு பயோட்டின் சாப்பிடுகிறவர்களுக்குப் பரிசோதனை முடிவு தவறாக வரக்கூடும் என்று போட்டிருந்தது.

அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். எனக்குப் புரியவில்லை, அடுப்படிக்காரிக்குச் சொல்வதுபோலச் சொல் என்றேன். அவள் சொன்னாள்: "மிசினுக்குள்ள ஒரு பசை மாதிரி இருக்கு ஆச்சி. அது பயோட்டினைக் கண்டா மட்டும் கெட்டியாப் பிடிக்கும். அதை வச்சுத்தான் மிசினு எண்ணுது. நீங்க தின்ன பயோட்டின் இரத்தத்தோட உள்ள போயி, பந்தியில முன்னாடியே எடம் பிடிச்சு உக்காந்துகிருச்சு. கணக்குல வர வேண்டிய டி.எஸ்.எச்.ங்குற ஆளுக்கு எலை இல்லை, வெளிய நிக்குது. மிசினு பந்தியை மட்டும் எண்ணிட்டு, ஆளு வரலைன்னு சொல்லிருச்சு." அதைக் கேட்டதும் நான் வாயில் கையை வைத்துக்கொண்டேன். முடிக்காகத் தின்ற மிட்டாய் மிசினுக்குள் போய் உட்கார்ந்து என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறது. இத்தனை சின்னப் பொருளுக்கு இவ்வளவு பெரிய காரியம் முடியும் என்பதை என்னால் இன்றும் முழுதாக நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

ஆனால் என் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பிப்பதற்குக் கதை கட்டுகிறாள் என்றார். "தாளுல ஆயிரம் போட்டிருப்பான். இந்த மிட்டாயாலதான் ஆச்சுன்னு நீ காட்டு பாப்போம்" என்றார். செந்தாமரை பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். "மிச்சம் எம்புட்டு இருக்கு ஆச்சி?" என்று கேட்டாள். திறக்காத பாட்டில் ஒன்று இருக்கிறது என்றேன். "அப்ப நான் திங்கிறேன்" என்றாள்.

வேண்டாம் என்று நான் தடுத்தேன். என்னைப் படுக்க வைத்த பொருள் அது. அவள், "மிட்டாய் உங்களைப் படுக்க வைக்கலை ஆச்சி. மாத்திரையை நிறுத்துனதுதான் படுக்க வச்சுச்சு. நான் மாத்திரை திங்கிற ஆளு இல்லையே, எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள். தன் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன் என்று சொல்லி, அங்கேயே எங்கள் முன்னால் கேட்டாள். ஒரு வாரத்துக்கு மேல் போகாதே என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

மறுநாள் 17.02.2025 காலை ஏழு மணிக்குக் கல்லலில் இருந்து முதல் பேருந்தில் வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் துணியை விரித்து, ஒரு தட்டில் ஊசி, குழாய், பஞ்சு எல்லாம் எடுத்து வைத்தாள். யார் எடுப்பது என்று கேட்டேன். நானேதான், வேறு யாராவது எடுத்தால் மாற்றிவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும் என்றாள். ரப்பர் பட்டையை இடது கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். வலது கையால் நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியைத் தனக்குத்தானே இறக்கினாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான் நாற்பத்தேழு வயதுவரை எத்தனையோ பெரிய காரியங்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற என் கணவர் எப்போது அந்தத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது.

இரத்தத்தை இரண்டு குழாய்களில் பிரித்தாள். ஒன்றை என் கணவரே கொண்டு போய், ஈஸ்வரனிடம் கேட்டு, அதே பழைய மிசினில் பெயர் இல்லாமல் எண் போட்டுக் கொடுத்தார். மற்றொன்றை மதுரையில் அந்தப் பயோட்டின் பசை இல்லாத வேறு விதமான மிசின் உள்ள ஓரிடத்துக்கு அனுப்பினோம். அறிக்கைகள் எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக வந்தால் போதும், நடுவில் யாரும் பார்க்க வேண்டாம் என்று செந்தாமரை சொன்னாள். அதன் பிறகு அன்றே என் முன்னால் நான்கு மிட்டாய் தின்றாள். அன்றையும் சேர்த்து ஏழு நாளும் காலை ஏழு மணிக்கு வந்து, நான்கு தின்றுவிட்டு, தேதி போட்டு அவளும் நானும் கையெழுத்துப் போட்டோம். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மூன்றாம் நாள் என் கணவர் அவளுக்கு இட்லி வைக்கச் சொன்னார். நான்காம் நாள் வாசலில் நின்று அவள் வருகிறாளா என்று பார்த்தார். ஆறாம் நாள் பேருந்து தாமதம் என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கே போய்விட்டார். ஏழு நாளில் ஒருநாளாவது அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. நான் அந்த வாசலில் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்டபோது, "அன்னைக்கு உங்க ஒடம்பு நெலைமை அப்படி ஆச்சி" என்று மட்டும் சொன்னாள். என் உடம்பு அன்று நன்றாகத்தான் இருந்தது. நாக்குதான் சரியில்லை. அதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டேன்.

23.02.2025 அன்று கடைசி மிட்டாயைத் தின்று இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் தன் கையிலேயே இரத்தம் எடுத்தாள். முன்போலவே இரண்டு இடத்துக்கும் அனுப்பினோம். 26.02.2025 மாலை நான்கு மணிக்கு நான்கு அறிக்கைகளும் வந்தன. என் கணவர் அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் படித்தார். மிட்டாய் தின்னும் முன்பு: காரைக்குடி 11.4, மதுரை 11.9. தின்ற பின்பு: காரைக்குடி 0.09, மதுரை 12.1.

ஒரே கையில், ஒரே நேரத்தில், ஒரே ஊசியில் எடுத்த இரத்தம். ஒரு மிசின் பன்னிரண்டு என்கிறது, இன்னொன்று ஒன்றுமே இல்லை என்கிறது. என் கணவர் மேசையைத் தட்டி, "மாட்டிக்கிருச்சு! இந்தா இங்குட்டு வந்து பாரு சிட்டாள், நீ தின்ன மிட்டாய் மாட்டிக்கிருச்சு!" என்று கத்தினார். நானும் கையைத் தட்டினேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. செந்தாமரை மட்டும் கையைத் தட்டவில்லை. அவள் கடைசித் தாளைப் பார்க்கவில்லை, முதல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று புள்ளி நான்கு. மிட்டாய் தின்னும் முன்பு, முதல் நாள் காலை. நாலரைக்குள் இருக்க வேண்டிய எண்.

நான் அதை அப்போதுதான் கவனித்தேன். கையைத் தட்டிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் ஏழு வருடத்தில் இருபதாயிரம் பேருக்காவது இரத்தம் எடுத்திருப்பாள், தன் இரத்தத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. இரண்டு வருடமாக முடி கொட்டுகிறது, அசதியாக இருக்கிறது, பேருந்து அலைச்சல் என்று நினைத்தேன் என்றாள். அடுத்த வாரம், சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்து பார்த்ததில் அவளுக்கு இருப்பதும் என் நோய்தான் என்று உறுதியானது. செந்தாமரையிடம் அனுமதி வாங்கித்தான் இதை இங்கே சொல்கிறேன். இதைக் கேட்டுவிட்டு, மனுக் கொடுத்ததால் அவளுக்கு நல்லதுதானே நடந்திருக்கிறது என்று இங்கே ஒரு காவலர் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நல்லதைச் செய்தவள் அவள். நான் செய்தது அவள் வேலையைப் பறித்தது.

அன்று மாலை அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து போகவில்லை. சமையல் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அளவு கேட்கும்போது பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, "இதை வச்சுக்கிட்டு எப்புடி ஆச்சி இருக்குறது?" என்று கேட்டாள். அந்தப் பெண் என்னிடம் கேட்கிறாள். மிசினின் வயிற்றுக்குள் நடந்ததைக் கண்டுபிடித்தவள், புளிப்பானைக்குப் பின்னால் டப்பா ஒளித்தவளிடம் கேட்கிறாள். எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை, அவளுக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அதன் பிறகு அரைமணி நேரம் காப்பி கிடையாது, குளிர் தாங்காது, ஒரு சால்வை வைத்துக்கொள், அழுகை வந்தால் காரணம் தேடாதே, பொடியோ மிட்டாயோ எது சாப்பிட ஆசைப்பட்டாலும் முதலில் மருத்துவரிடம் காட்டு என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

என் மருத்துவரிடம் பாட்டில், நோட்டு, நான்கு அறிக்கைகள் எல்லாவற்றையும் கொண்டு போய்க் காட்டினேன். முழுவதையும் படித்துவிட்டு அவர், அந்தப் பெண்ணை நான் பார்க்க வேண்டும் என்றார். இனி தன்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் பயோட்டின் சாப்பிடுகிறீர்களா என்று பெயர் சொல்லியே கேட்பேன் என்றும் சொன்னார். என் மாத்திரை மறுபடியும் நூறு ஆகிவிட்டது. புளிப்பானைக்குப் பின்னால் இப்போது சுவர்தான் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் சார்பு ஆய்வாளர், சரி அம்மா, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி மனுவை முடித்துவிடலாம் என்றார். அது போதாது என்றேன். தேவையில்லை என்றால், ஏதோ நடந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். அவள் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டிய பெண், ஈஸ்வரன் இந்தத் தாளைத்தான் கேட்கிறார். செந்தாமரை எந்தத் தவறும் செய்யவில்லை, சிட்டாள்தான் செய்தாள் என்று எழுதுங்கள் என்றேன். அப்படி எழுதப் படிவத்தில் இடம் இல்லை என்றார். என் வாக்குமூலத்தில் இடம் இருக்கிறதே, இங்கே எழுதுங்கள் என்றேன். அவர் பின்வருமாறு எழுதினார்.

எதிர்மனுதாரர் செந்தாமரை தவறு செய்யவில்லை. மனுதாரர் சிட்டாள் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னார். தவறு அவருடையது.

மேலே எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தேன். என் வாயால் சொன்னதே எழுதப்பட்டுள்ளது. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. இதில் ஒரு வரியும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன் என்று உறுதி கூறிக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) சிட்டாள்
12.03.2025